குர்பானி ஆட்டின் ஈரலில் நீர்க்கட்டி இருந்தால் நாய்க்கு வீசாதீர்கள், புதையுங்கள்



ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கும்போது குர்பானிப் பங்கு, தோல் சேகரிப்பு, இறைச்சி விநியோகம் ஆகியவை பற்றி இம்மடலில் எழுதுவது வழக்கம். இம்முறை யாருக்கும் விநியோகிக்கப்படாத ஒரு பொருளைப் பற்றி எழுதுகிறோம். ஆட்டை உரித்து வயிற்றைத் திறக்கும்போது சில ஆடுகளின் ஈரலிலும் நுரையீரலிலும் தண்ணீர் நிறைந்த வெள்ளைக் கட்டிகள் தென்படும். பட்டாணி அளவிலும் இருக்கும். எலுமிச்சை அளவிலும் இருக்கும். அறுப்பவர் அந்தப் பகுதியை வெட்டி ஓரமாக எறிவார். சுற்றி நிற்கும் நாய்களில் ஒன்று அதைக் கவ்விக்கொண்டு போகும். இது நாம் எல்லோரும் பார்த்திருக்கும் காட்சிதான்.

அப்படி எறியப்பட்ட ஒரு துண்டு ஈரல், சில ஆண்டுகள் கழித்து அதே தெருவில் ஒரு பிள்ளையின் ஈரலிலோ ஆடு வளர்க்கும் ஒரு பெண்ணின் நுரையீரலிலோ அதே போன்ற கட்டியாக வளர முடியும். இதற்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் பெயர் ஹைடேட்டிட் கட்டி. தமிழில் நீர்க்கட்டி நோய் என்று சொல்லலாம். இந்தச் சங்கிலியை அறுக்கப் பெரிய பணமோ கருவியோ தேவையில்லை. ஒரு குழியும் ஒரு மண்வெட்டியும் போதும். எப்படி என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாய், ஆடு, மனிதர்: புழுவின் பயணம்

இந்நோய்க்குக் காரணம் எக்கினோகாக்கஸ் என்னும் நாடாப்புழு. வளர்ந்த புழு நாயின் சிறுகுடலில் வாழ்கிறது. நாடாப்புழு என்றதும் முழக் கணக்கில் நீண்ட புழுவை நினைக்க வேண்டாம். இதன் நீளம் சில மில்லிமீட்டர்தான். ஓர் அரிசி மணியின் அளவுக்குக்கூட வராது. ஒரே நாயின் குடலில் ஆயிரக்கணக்கில் இருக்கக்கூடும். ஆனாலும் அந்த நாய் இளைக்காது, சோர்ந்து படுக்காது. பார்ப்பதற்கு நல்ல நாயாகவே இருக்கும்.

புழுவின் முட்டைகள் நாயின் மலத்தோடு வெளியே வருகின்றன. அவை கண்ணுக்குத் தெரியாதவை. மண்ணிலும் புல்லிலும் தண்ணீரிலும் கலக்கின்றன. நாயின் உடம்பு மயிரிலும் ஒட்டிக்கொள்கின்றன. நம் ஊர்க் கோடை வெயிலில் காய்ந்தால் விரைவில் அழிந்துவிடும். ஈரமும் நிழலும் கிடைத்தால் பல மாதங்கள் உயிரோடு இருக்கும். மழைக்காலத்தில் கொல்லைப்புறமும் கம்மாய்க்கரையும் எப்படி இருக்கும் என்பதை நாம் அறிவோம்.

அந்தப் புல்லை மேயும் ஆட்டின் வயிற்றுக்குள் முட்டை போகிறது. அங்கே பொரித்து வெளிவரும் நுண்ணிய குஞ்சு குடற்சுவரைத் துளைத்து இரத்தத்தில் கலந்து, முதலில் ஈரலுக்கும் அதைத் தாண்டினால் நுரையீரலுக்கும் போய்த் தங்குகிறது. அங்கே மெதுவாக நீர் நிறைந்த பையாக வளர்கிறது. பையின் உட்புறத்தில் மணல் போல எண்ணற்ற புழுத் தலைகள் உண்டாகின்றன. மாடு, எருமைகளுக்கும் இப்படியே வரும். கட்டி மெதுவாக வளர்வதால் வயதான ஆடுகளில்தான் அதிகம் காணப்படும். வெளியில் ஆட்டைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. அறுத்த பிறகே தெரியவரும்.

அந்தக் கட்டியை ஒரு நாய் பச்சையாகத் தின்றால், ஒவ்வொரு புழுத் தலையும் அதன் குடலில் ஒரு புழுவாக வளரும். ஏறத்தாழ 6 வாரங்களில் அந்த நாயின் மலத்தில் முட்டைகள் வரத் தொடங்கும். புழுவின் வாழ்க்கை இப்படியே நாயிலிருந்து ஆட்டுக்கும் ஆட்டிலிருந்து நாய்க்கும் சுற்றிச் சுற்றி வருகிறது.

மனிதர் இதில் தற்செயலாக மாட்டிக்கொள்பவர். நாயைத் தடவிய கையோடு சாப்பிடும்போதும், சரியாகக் கழுவாத கீரை, காய்கறி மூலமும், நாய் அசுத்தம் செய்த தண்ணீர் மூலமும், மண்ணில் விளையாடும் குழந்தை விரலை வாயில் வைக்கும்போதும் முட்டை உள்ளே போகிறது. பிறகு ஆட்டுக்கு நடந்ததே மனிதருக்கும் நடக்கிறது.

இங்கே ஒரு சந்தேகத்தைத் தெளிவுபடுத்த வேண்டும். ஆட்டிறைச்சி சாப்பிடுவதால் இந்நோய் வருவதில்லை. ஆட்டைத் தொடுவதாலும், நோயுள்ள மனிதரோடு பழகுவதாலும் வருவதில்லை. ஆட்டின் கட்டியில் இருக்கும் புழு நாய்க்குத்தான் தொற்றும். நாயிடமிருந்து வரும் முட்டைதான் மனிதருக்குத் தொற்றும். ஆகவே கறிக்கடைக்காரர்களைப் பற்றியோ இறைச்சியைப் பற்றியோ யாரும் அச்சம் கொள்ள வேண்டியதில்லை. கட்டியுள்ள பகுதியை நீக்கிவிட்டு மீதியைச் சமைத்து உண்ணலாம். நீக்கிய பகுதி எங்கே போகிறது என்பதில்தான் கவனம் வேண்டும்.

நம் பகுதிக்கு இது ஏன் முக்கியம்?

உலகில் எந்த நேரத்திலும் 10 லட்சத்துக்கும் அதிகமானோர் எக்கினோகாக்கஸ் நோய்களோடு வாழ்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆடு மாடும் நாயும் மனிதரும் நெருங்கி வாழும் இடங்களே இதன் இருப்பிடம். இந்தியாவில் ஆந்திரமும் தமிழ்நாடும் இந்நோய் அதிகம் பதிவாகும் மாநிலங்கள் என்று மருத்துவ நூல்கள் குறிப்பிடுகின்றன. ஆந்திரத்தின் கர்நூல் பகுதியில் இந்நோய் பரவியிருந்த விதம் பற்றி 1968-ஆம் ஆண்டிலேயே மருத்துவர்கள் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள்.

நமது விருதுநகர் மாவட்டமும் வானம் பார்த்த ஆட்டுப் பூமிதான். வேம்பூர்ச் செம்மறி, கொடி ஆடு, கன்னி ஆடு எல்லாம் இந்தக் கரிசல் சீமையின் இனங்கள். அறுவடை முடிந்த காடுகளில் கிடை போடும் கீதாரிகளோடு காவல் நாய்களும் சேர்ந்தே வரும். சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை பக்கத்துப் பட்டாசு, தீப்பெட்டித் தொழிலாளர் வீடுகளில் இரண்டு மூன்று வெள்ளாடுகள் இல்லாத வீடு குறைவு. ஆலை மூடிக் கிடக்கும் மாதங்களில் அந்த ஆடுதான் பள்ளிக் கட்டணம், மருத்துவச் செலவு எல்லாம். நமது அறக்கட்டளையும் விதவைச் சகோதரிகளுக்கு வாழ்வாதாரமாக ஆடு வாங்கிக் கொடுத்து வருகிறது. ஆட்டைக் கொடுப்பவர்கள், அதோடு வரக்கூடிய நோயைப் பற்றியும் சொல்லிக் கொடுக்கக் கடமைப்பட்டவர்கள்.

ஆட்டுக்குத் தழை ஒடித்துப் போடுவதும், கொட்டிலைக் கூட்டுவதும், அதே கையோடு குழந்தைக்குச் சோறூட்டுவதும் பெரும்பாலும் பெண்கள்தான். கென்யாவின் வடமேற்கில் துர்க்கானா என்னும் மேய்ச்சல் மக்களிடையே இந்நோய் உலகிலேயே மிக அதிகமாக இருந்தது. அங்கும் ஆண்களைவிடப் பெண்களே அதிகம் பாதிக்கப்பட்டனர். வீட்டிலும் குழந்தைகள் அருகிலும் நாய்கள் எப்போதும் இருந்ததையே காரணமாக ஆய்வாளர்கள் கண்டனர்.

உடலில் என்ன செய்கிறது?

கட்டி மெதுவாக வளர்கிறது. சில சமயம் 10, 15 ஆண்டுகள் எந்தத் தொல்லையும் இராது. அதனால்தான் சிறு வயதில் தொற்றியது நடுத்தர வயதில் தெரியவருகிறது. நோயாளிகளில் பெரும்பாலோருக்கு ஈரலிலும், அடுத்தபடியாக நுரையீரலிலும் கட்டி காணப்படும். மண்ணீரல், சிறுநீரகம், மூளை, எலும்பு ஆகியவற்றிலும் அரிதாக வரும்.

ஈரலில் இருந்தால் வலது விலாவுக்குக் கீழே கனம், வலி, கைக்குத் தட்டுப்படும் வீக்கம், சிலருக்கு மஞ்சள் காமாலை. நுரையீரலில் இருந்தால் நீங்காத இருமல், நெஞ்சு வலி, சளியில் இரத்தம். பட்டாசு ஆலையில் வேலை செய்வோர் இருமினால் “மருந்துத் தூசிதான் காரணம்” என்று சொல்லி நாம் விட்டுவிடுகிறோம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் காச நோய்க்காகச் சளிப் பரிசோதனையும் நெஞ்சு எக்ஸ்ரேயும் எடுக்க வேண்டும். வீட்டில் ஆடும் நாயும் உண்டு என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அந்த ஒரு தகவல் அவருக்குப் பெரிய உதவி.

கட்டி உடைவதுதான் பெரிய ஆபத்து. கீழே விழுந்தோ வயிற்றில் அடிபட்டோ கட்டி உடைந்தால் உடல் முழுதும் தடிப்பு, மூச்சுத் திணறல், இரத்த அழுத்தம் சரிந்து மயக்கம் என்று சில நிமிடங்களில் உயிருக்கே ஆபத்தாகலாம். கட்டியில் இருந்த புழுத் தலைகள் வயிற்றுக்குள் சிந்தினால் அங்கங்கே புதிய கட்டிகளும் உண்டாகும்.

நல்ல செய்தி என்னவென்றால் இதற்குச் சிகிச்சை உண்டு. வயிற்றுக் கட்டி பெரும்பாலும் சாதாரண ஸ்கேனிலேயே தெரிந்துவிடும். கட்டியின் அளவையும் நிலையையும் பொறுத்து மருத்துவர் முடிவு செய்வார். சிலருக்கு மாதக்கணக்கில் அல்பெண்டசோல் மாத்திரை. சிலருக்கு ஊசி வழியே நீரை உறிஞ்சி, மருந்து செலுத்தி, மறுபடி உறிஞ்சும் முறை. சிலருக்கு அறுவை சிகிச்சை. செயலற்றுப்போன கட்டியென்றால் கண்காணித்தால் மட்டும் போதும்.

அல்பெண்டசோல் என்றதும் பள்ளிகளில் குடற்புழு நீக்க நாளன்று பிள்ளைகளுக்குத் தரும் மாத்திரை நினைவுக்கு வரும். மருந்து அதுதான். ஆனால் அந்த ஒரு மாத்திரை குடலில் உள்ள புழுக்களுக்கானது. ஈரலில் உள்ள கட்டியைக் குணப்படுத்தாது. கட்டிக்கான சிகிச்சையில் ஈரலின் நிலையையும் இரத்த அணுக்களையும் அடிக்கடி பரிசோதிக்க வேண்டும். ஆகவே மருந்துக்கடையில் தாமாக வாங்கிச் சாப்பிட வேண்டாம். விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனையிலும் காட்டலாம். ஈ.எஸ்.ஐ. அட்டை உள்ள தொழிலாளர்கள் சிவகாசி ஈ.எஸ்.ஐ. மருத்துவமனையை அணுகலாம். மேல் சிகிச்சை தேவைப்பட்டால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இடமுண்டா என்பதை மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவிலேயே கேளுங்கள்.

ஒரு சிறு நூல் செய்த வேலை

19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் வடகோடியில் உள்ள ஐஸ்லாந்து தீவு இந்நோய்க்குப் பேர்போனது. செம்மறி ஆடுதான் அங்கே பிழைப்பு. வீட்டுக்கு வீடு நாய். 1863-இல் டென்மார்க்கைச் சேர்ந்த ஹரால்டு கிராபே என்ற அறிஞர் அங்கே சென்று நாய்களை அறுத்துப் பரிசோதித்தார். 100 நாய்களில் 28-இல் இந்தப் புழு இருந்தது. நோய்க்கு அப்போது மருந்து கிடையாது. மக்களுக்குப் புரியும் மொழியில் ஒரு சிறு நூல் எழுதப்பட்டு வீடு வீடாக இலவசமாகக் கொடுக்கப்பட்டது. ஆட்டுக் கட்டியை நாய்க்குப் போடாதீர்கள், எரியுங்கள் அல்லது புதையுங்கள், நாயைத் தொட்டால் கை கழுவுங்கள் என்பதே அதன் சாரம். 1869-இல் நாய்களைக் கட்டுப்படுத்தச் சட்டமும் வந்தது. அதன் பிறகு பிறந்த தலைமுறைகளில் இந்நோய் படிப்படியாகக் குறைந்து, இன்று அத்தீவில் இல்லாமலே போய்விட்டது. பின்னாளில் நியூசிலாந்தும் ஆஸ்திரேலியாவின் தாஸ்மேனியாவும், ஆட்டுக் கழிவை நாய்க்குப் போடுவதைத் தடுத்தும் நாய்களைக் கட்டுக்குள் வைத்தும் இதே வெற்றியைக் கண்டன.

படிக்கத் தெரிந்த மக்கள், கேட்டதைச் செய்தார்கள். நாமும் படிக்கத் தெரிந்தவர்கள்தான்.

பெருநாளன்று செய்ய வேண்டியவை

1. அறுக்கும் இடத்தை முன்கூட்டியே முடிவு செய்து, முந்தைய நாளே குழி தோண்டி வையுங்கள். ஆழம் 4 அடியாவது இருக்கட்டும். கிணறு, குடிநீர்த் தொட்டி, கம்மாய் ஆகியவற்றிலிருந்து தள்ளி இருக்கட்டும்.

2. ஈரல், நுரையீரல், சுவரொட்டி ஆகியவற்றை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்து, தடவியும் பாருங்கள். கட்டி இருந்தால் அதைக் குத்தவோ உடைக்கவோ வேண்டாம். சுற்றியுள்ள பகுதியோடு சேர்த்து முழுதாக வெட்டி ஒரு வாளியில் போடுங்கள். குடலைச் சுற்றிய கொழுப்புச் சவ்வில் தொங்கும் மெல்லிய நீர்ப்பைகளும் சில ஆடுகளில் இருக்கும். அது வேறொரு நாய்ப் புழுவின் குட்டி. மனிதருக்கு அதனால் தீங்கில்லை. எது எது என்று பிரித்துப் பார்க்கத் தேவையில்லை. இரண்டையும் அதே வாளியில் போடுங்கள்.

3. வேலை முடிந்ததும் வாளியில் உள்ளதைக் குழியில் கொட்டி, சுண்ணாம்பு தூவி, மண் மூடி, மேலே கல்லோ உடைமுள்ளோ போடுங்கள். நாய் தோண்டக் கூடாது. எரிப்பதும் ஒரு வழிதான். ஆனால் நம் ஊரில் ஆலையும் கிடங்கும் எந்தப் பக்கம் இருக்கும் என்று சொல்ல முடியாது. ஆகவே புதைப்பதே நல்லது. ஓடையிலோ குப்பைமேட்டிலோ வாய்க்காலிலோ கொட்டாதீர்கள்.

4. நாய்க்குக் கொடுக்க விரும்பினால் கட்டியில்லாத கழிவை அரை மணி நேரமாவது நன்கு கொதிக்க வைத்துக் கொடுங்கள். பச்சையாக வேண்டாம்.

5. அறுக்கும் இடத்துக்கு நாய் வராதபடி தட்டி கட்டுங்கள். கல்லால் அடிப்பது வேண்டாம். ஒரு சிறுவனை நிறுத்தி வைத்தாலே போதும்.

அறுத்த பின் உள்ளே கட்டி தெரிந்தால் குர்பானி நிறைவேறுமா என்று சிலர் கேட்கிறார்கள். வெளிப்படையாகத் தெரியும் நோயும் ஊனமும் பற்றியே மார்க்கச் சட்டம் பேசுகிறது. ஐயமுள்ளவர்கள் நமது இமாம் அவர்களிடம் கேட்டுத் தெளிவு பெறலாம். கட்டியுள்ள ஈரலைப் புதைப்பது வீண் விரயம் ஆகாது என்பதில் தயக்கம் வேண்டாம்.

ஆண்டு முழுவதும்

ஆடு வளர்ப்போர் பலர் ஆட்டுக்கு முறையாகக் குடற்புழு மருந்து கொடுக்கிறார்கள். காவல் நாயை மறந்துவிடுகிறார்கள். இந்நோயைப் பொறுத்தவரை மருந்து முதலில் போக வேண்டியது நாய்க்குத்தான். பிராசிகுவாண்டல் என்னும் மருந்து நாயின் குடலில் உள்ள இப்புழுவைக் கொல்லும். எவ்வளவு, எத்தனை நாளுக்கு ஒரு முறை என்பதைக் கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். நோய் உள்ள பகுதிகளில் 6 வாரத்துக்கு ஒரு முறை கொடுப்பதுண்டு. மருந்து புழுவைத்தான் கொல்லும், முட்டையைக் கொல்லாது. ஆகவே மருந்து கொடுத்த இரண்டு மூன்று நாள் நாயைக் கட்டிவைத்து, மலத்தை ஆழப் புதையுங்கள். அவசரத்துக்குக் கால்நடை அவசர ஊர்தியை 1962 என்ற எண்ணில் அழைக்கலாம்.

ஆட்டுக் கொட்டிலில் வேலை முடிந்ததும், சாப்பிடும் முன்பும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். நகங்களை வெட்டி வையுங்கள். கொத்தமல்லி, கீரை வகைகளை மூன்று தண்ணீரில் அலசுங்கள். தண்ணீர்க் குடங்களை மூடி வையுங்கள். அடுப்படிக்குள்ளும் குழந்தை படுக்கும் இடத்துக்கும் நாயை விடாதீர்கள்.

நாய் வாய் வைத்த பாத்திரத்தை ஷாஃபி மத்ஹபில் மண்ணையும் சேர்த்து ஏழு முறையும், ஹனஃபி மத்ஹபில் குறைந்தது மூன்று முறையும் கழுவ வேண்டும் என்பதை நாம் மதரஸாவில் படித்தவர்கள். மந்தைக்கும் காவலுக்கும் நாய் வைத்துக்கொள்ள அனுமதி இருப்பதையும், தாகத்தில் தவித்த நாய்க்குத் தண்ணீர் கொடுத்தவர் அல்லாஹ்வின் மன்னிப்பைப் பெற்ற வரலாற்றையும் படித்திருக்கிறோம். இரண்டையும் சேர்த்தே கடைப்பிடிப்போம். நாயை வெறுக்க வேண்டியதில்லை. அதற்கு நோயைத் தின்னக் கொடுப்பவர்கள் நாம்தான்.

அம்மன் கோயில் கொடைகளிலும் குலதெய்வ வழிபாட்டிலும் கிடா வெட்டும் நம் அண்டை வீட்டாருக்கும் இதே செய்தி பொருந்தும். ஆலையிலும் தெருவிலும் ஒன்றாக இருப்பவர்கள் நாம். ஒரு வீட்டார் எறிந்ததைத் தின்ற நாய் எல்லா வீட்டு வாசலிலும்தான் படுக்கிறது. இம்மடலைப் படித்ததும் அவர்களிடமும் எடுத்துச் சொல்லுங்கள்.

இவ்வாண்டு அறக்கட்டளையின் கூட்டுக் குர்பானி நடக்கும் இடத்தில் முந்தைய நாளே குழி தயாராக இருக்கும். ஒவ்வொரு அறுக்கும் இடத்துக்கும் ஒரு மூடியுள்ள வாளி வைக்கப்படும், இன்ஷா அல்லாஹ். வீட்டில் தனியாகக் குர்பானி கொடுப்பவர்கள் கட்டியுள்ள பகுதிகளைப் பையில் கட்டிக் கொண்டுவந்தால் அங்கேயே புதைத்துத் தருவோம். குழி தோண்டவும் வாளிகளைக் கவனிக்கவும் இளைஞர்கள் சிலர் தேவை. விருப்பமுள்ளவர்கள் ஜும்ஆவுக்குப் பின் அலுவலகத்தில் பெயர் கொடுக்கலாம்.

நமது குர்பானிகளை அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக. நம் பிள்ளைகளையும், நாம் வளர்க்கும் கால்நடைகளையும் நோய்களிலிருந்து காப்பானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.

செயலாளர்